பெர்னி நம்பிச் சொன்னது

ஆகஸ்ட் மாதம் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே லொரெய்ன் ஹூடாக்கும் பெர்னி வலென்டியும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இந்த வருடம் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் குவார்ட்டர்பேக் யார் என்ற பேச்சை இருவரில் யாரும் எடுக்கக் கூடாது. ஊர் எடுக்கத்தான் செய்யும். ஆல்டர் ரன்னில் பேச வேறு என்னதான் இருக்கிறது? கண்ணாடித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், சுரங்கத்திலும் வருடத்துக்கு வருடம் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேட்டு மைதானத்தில் விளக்குப் போட்டால்தான் ஊர் நிமிர்ந்து உட்காரும். அந்த மைதானத்தில் பந்து முதலில் யார் கைக்கு வருகிறதோ, யார் அதைப் பார்த்து எறிகிறானோ, அவன்தான் அந்த வருடம் ஊருக்குச் செல்லப்பிள்ளை.

அந்த இடத்துக்கு இருந்தது இரண்டே பேர். ஒருவன் லொரெய்னின் மகன் கிரெய்க், இன்னொருவன் பெர்னியின் மகன் ஜோயல்.

ஏற்பாட்டைச் சொன்னது பெர்னிதான். இருவருக்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அன்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இதப் பாருடி. எவன் ஆடினாலும் அழுக்குத் துணி ரெண்டு வீட்டுக்கும்தான் வரப்போகுது. சேத்துல உருள்ற அந்த ஜட்டியத் துவைக்கிறது நீயும் நானும். நமக்கெதுக்கு இந்த அரசியல்?"

லொரெய்ன் சிரித்துக்கொண்டே சரி என்றாள். அப்போது அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் தவழ்ந்த காலத்திலிருந்தே ஒரு வீட்டுச் சாப்பாட்டை இன்னொரு வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கிரெய்க்குக்கு ஒரு வயது கூடுதல், பள்ளியில் கடைசி வருடம். பெர்னியின் கணவன் இன்னொருத்தியோடு ஈரி நகரத்துக்குப் போய்விட்டபோது ஜோயலுக்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு அவனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தது லொரெய்னின் கணவன் வால்ட். மான் வேட்டைக்கு முதல்முறை காட்டுக்கு அழைத்துப் போனதும் அவன்தான். ஹூடாக் வீட்டு மேசையில் ஜோயலுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. வேறு யாரும் அதில் உட்கார்ந்தால் கிரெய்க் எழுப்பிவிடுவான்.

போன வருடம் முழுக்க ஆடியது கிரெய்க். ஆட்டத்தை அவன் படிப்பான். எதிரணியில் யார் எங்கே நகரப் போகிறான் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். கால் வேகம், வாய் இன்னும் வேகம், பத்துப் பேரையும் அதட்டி நிறுத்துவான். குறை ஒன்றுதான், பந்தை ரொம்ப தூரம் எறிய முடியாது. ஸ்டோன்பரோவோடு நடந்த கடைசி ஆட்டத்தில் அந்தக் குறை ஊரெல்லாம் தெரிந்துபோனது. ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கையில் அவன் எறிந்த பந்து எதிரணிக்காரன் கையில் விழுந்தது. மறுபடி பந்து கிடைத்தது, மறுபடி எறிந்தான், மறுபடியும் அப்படியே. அதுவரை அவன் ஜெயித்துக்கொடுத்த ஆட்டங்களை ஊர் மறந்துவிட்டது. அந்த இரண்டு பந்தை மட்டும் மறக்கவில்லை.

ஜோயல் அந்தக் கோடையில் திடீரென்று வளர்ந்தான். பேசவே மாட்டான், ஆனால் கை இருந்ததே, மைதானத்தின் பாதியைத் தாண்டிப் பந்தை எறிந்து ஓடுபவனின் நெஞ்சில் கொண்டுபோய் வைப்பான். எறிவதற்குள் ரொம்ப யோசிப்பான் என்பதுதான் சிக்கல். நின்று யோசிக்கையில் நான்கு தடியன்கள் வந்து அவனைச் சாய்த்துவிடுவார்கள்.

கோச் டிட்மர் ஊருக்குப் புதிது. முதல் மூன்று ஆட்டங்களில் முன்பாதி கிரெய்க், பின்பாதி ஜோயல், அதற்குப் பிறகு ஒருவனை முடிவு செய்கிறேன் என்று அறிவித்துவிட்டார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் ஊரை இரண்டாக வெட்டிவிட அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஸ்டஷ் முடி வெட்டும் கடைக்கு வால்ட் போய்வந்து சொன்ன கதைகளைக் கேட்டு லொரெய்ன் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். அங்கே தினமும் பட்டிமன்றமாம். கிரெய்க்குக்கு மூளை, ஜோயலுக்குக் கை, இரண்டையும் வெட்டி ஒட்டினால் மாநிலக் கோப்பை நமக்குத்தான் என்று ஒருவர் சொல்ல, வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும் என்றாராம் ஸ்டஷ். பெட்ரோல் பங்க்கில் பேச்சு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து படியிறங்கும்போது பேச்சு. யாராவது வால்ட்டின் வாயைக் கிளறினால், "ரெண்டும் நம்ம வீட்டுப் பயலுகதான், ஆள விடுங்க" என்று நழுவிவிடுவான்.

லொரெய்னால் அப்படி நழுவ முடியவில்லை. ஓஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து கிரெய்க்கைப் பார்க்க நான்காவது ஆட்டத்துக்கு ஆள் வரப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. அவர்கள் அணிக்கு எடுத்துக்கொண்டால் படிப்பு நடக்கும். இல்லையென்றால் அப்பாவைப் போலச் சுரங்கத்து லாரிதான், அதுவும் சுரங்கம் அதுவரை திறந்திருந்தால். அந்த வெள்ளிக்கிழமை பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர் எதைப் பார்ப்பார்? இதை அவள் பெர்னியிடம் சொல்லவில்லை. பேசுவதில்லை என்றுதான் ஏற்பாடாயிற்றே.

ஏற்பாட்டை முதலில் மீறியது பெர்னி. ஆனால் அவள் பேசியது வேறு காரணத்துக்காக.

இரண்டாவது ஆட்டம் முடிந்த மறுவாரம். வேலை முடிந்து இருவரும் காரில் ஏறினார்கள். பெர்னி சாவியைப் போட்டாள், வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள். கணவன் போன அன்றுகூட அழாதவள்.

ஜோயலுக்கு ஆட்டத்துக்கு முன்னால் மூச்சு முட்டுகிறது என்றாள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுக்கிறான். கை கால் எல்லாம் உதறுகிறது. மைதானத்துக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். பிட்ஸ்பர்க்கில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். இதயத்தில் ஒன்றுமில்லை, பயம்தான், நாளாக நாளாகச் சரியாகும், வற்புறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"உள்ள எறங்கிட்டா ஒண்ணும் இல்லடி. பந்து கைக்கு வந்துட்டா அவன் வேற ஆளு. அதுக்கு முந்திதான் இந்த நரகம். இது வெளிய தெரிஞ்சா அவன் செத்துருவான். யார்கிட்டயும் சொல்லிடாத. வால்ட்டுகிட்ட சொல்லாத, கிரெய்க்குகிட்டயும் சொல்லாத."

"நான் எதுக்குடி சொல்லப்போறேன்" என்று லொரெய்ன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அது முழு மனதோடு வந்த வார்த்தை. பின்னாட்களில் அதை நினைத்துப் பார்க்கும்போது அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அந்தக் காருக்குள் அவள் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் ஜோயல் ஊரைத் தூக்கி நிறுத்திவிட்டான். முன்பாதியில் கிரெய்க் ஒன்றும் மோசமில்லை, முட்டி மோதிப் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். ஆனால் பின்பாதியில் ஜோயல் வந்து மூன்று முறை பந்தை வானத்தில் ஏற்றினான். மூன்றும் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். மூன்றாவதில் வாத்தியக் குழுப் பிள்ளைகள் வாசிப்பதை விட்டுவிட்டுக் குதித்தார்கள்.

லொரெய்னும் பெர்னியும் அப்போது தின்பண்டக் கடையில் நின்றார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோர்கள் நடத்தும் கடை அது. ஹாட் டாக், பாப்கார்ன், சூடாகச் சாக்லேட் பானம். ஜன்னல் வழியாக மைதானம் பாதிதான் தெரியும். மீதியைச் சத்தத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். சத்தம் எழுந்தபோதெல்லாம் பெர்னி கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். லொரெய்ன் ரொட்டியில் கடுகுச் சாந்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்போது கம்பிவேலிப் பக்கம் நின்ற ஒருவன், பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிரெய்க்கைப் பார்த்துக் கத்தினான்.

"தம்பி, சும்மா உக்காந்துருக்கறதுக்கு உங்கம்மா கூட நின்னு பாப்கார்னாச்சும் விக்கலாம்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிரெய்க் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஜோயல் வருவதற்காக எழுந்து நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தான். லொரெய்ன் கண்ணில் அது படவில்லை, காதில் விழுந்த சிரிப்புதான் மனதில் நின்றது. பெர்னி அவள் தோளைத் தொட்டு, "வேலையத்த பய, விடு" என்றாள். அந்தக் கையை உதறிவிட வேண்டும்போல இருந்தது. உதறவில்லை.

மறுநாளே ஸ்டஷ் கடைக் கண்ணாடியில் ஜோயலின் சட்டை எண்ணை எழுதி ஒட்டிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெற்றோர் சங்கக் கூட்டம், பழைய போர்வீரர்கள் மன்றத்தில். கோச் டிட்மர் வந்திருந்தார். யார் ஆடுவது என்பதை நாளைக்குப் பையன்களிடம்தான் முதலில் சொல்வேன், இங்கே அந்தப் பேச்சு வேண்டாம் என்று அவர் சொல்லித்தான் தொடங்கினார். புதிய ஹெல்மெட், பேருந்து வாடகை என்று கொஞ்ச நேரம் ஓடியது. அதற்குமேல் அவர்களால் தாங்க முடியவில்லை.

பேச்சைத் தொடங்கியது பழைய கார் விற்கும் டேல் க்ரூபர். ஒரு காலத்தில் இதே அணியில் ஆடியவர், அதைத் தினமும் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கோச்சுக்கு யோசனை சொல்ல நான் யார் என்று ஆரம்பித்து, யோசனை சொல்லத் தொடங்கினார். ஜோயல் பச்சைப்பிள்ளை, பொறுமையாக வளர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். எறிகிற கையை எதற்கு ஊறப்போட வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசி வருடப் பையனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று ஒரு தாய் கேட்டாள். மரியாதையை வைத்துக்கொண்டு ஸ்டோன்பரோவை ஜெயிக்க முடியுமா என்றார் டேல்.

கோச் கை உயர்த்தினார். டேல் நிறுத்தவில்லை.

"லொரெய்ன் தப்பா நெனச்சுக்கக் கூடாது. கிரெய்க் தங்கமான பையன். ஆனா பெரிய ஆட்டம்னா அவனுக்குக் கை நடுங்குது. போன வருஷம் எல்லாரும் பாத்தோம்ல. தைரியம் இல்லாதவன் கையில பந்தக் குடுக்கலாமா?"

லொரெய்ன் எழுந்து நின்றதை அவளே உணரவில்லை.

"நடுங்குறது யாருக்குன்னு பெர்னியக் கேளுங்க."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. பெர்னி சுவரோரமாக மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று அவள் கையிலேயே நின்றது.

என்ன சொல்கிறீர்கள் என்று டேல் கேட்டார். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஒன்றுமில்லை, கோபத்தில் உளறிவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் டேல் வேறு எதையாவது பேசிக்கொண்டு போயிருப்பார், மறுநாள் எல்லாரும் மறந்திருப்பார்கள். பெர்னியும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதைப் பார்த்தபடியே லொரெய்ன் சொன்னாள்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் அவ பையன் கார்ல உக்காந்து வாந்தி எடுக்கறான். மூச்சு விட முடியல, கை கால் உதறுது. டாக்டர்ட்ட போயிருக்காங்க. என் பையன் ரெண்டு பந்து தப்பா எறிஞ்சான், அவ்வளவுதான். எறங்கவே பயப்படல."

 பெர்னி நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது கதவு படாரென்று சாத்திக்கொள்ளாமல் கையால் பிடித்துச் சாத்தினாள். கூட்டத்தை முடித்துவிடலாம் என்று கோச் சொன்னார். யாரும் லொரெய்ன் பக்கம் வரவில்லை, டேல்கூட.

புதன்கிழமை கோச் கிரெய்க்கின் பெயரைச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஜோயலின் பள்ளி அலமாரிக் கதவில் யாரோ பழுப்புக் காகிதப் பைகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற பைகள், வாந்தியைப் பிடித்துக்கொள்ளவாம். ஒவ்வொன்றிலும் அவன் எண் எழுதியிருந்தது. அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனான். சாயங்காலம் பயிற்சிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அன்று கிரெய்க் வீட்டுக்கு வந்தபோது லொரெய்ன் இறைச்சியும் முட்டைக்கோஸ் நூடுல்ஸும் செய்து வைத்திருந்தாள். அவன் உட்காரவில்லை. பை தோளில் இருக்க, சமையலறை வாசலில் நின்றான்.

"கூட்டத்துல என்னம்மா சொன்ன?"

டேல் உன்னைப் பேடி என்று சொன்னான், நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவா என்றாள் லொரெய்ன். இது ஒன்றும் இட்டுக்கட்டியது இல்லை, உண்மைதான் என்றாள். உனக்கு இதெல்லாம் தெரியாது என்றாள்.

"தெரியும்மா. போன வருஷத்துலேர்ந்தே தெரியும். நான்தான் கார்ல அவன் கூட உக்காந்துருப்பேன். பேசிக்கிட்டே இருப்பேன், ஏதாவது கேணத்தனமா. மூச்சு திரும்பினதும் சேந்து எறங்குவோம்."

லொரெய்ன் அடுப்பை அணைத்தாள்.

"அவன ஒக்கார வைக்கணும்னு நான் நெனச்சிருந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. ஒரு வெள்ளிக்கிழம அந்தக் காருக்குப் போகாம இருந்திருந்தாப் போதும்." அவன் குரல் ஏறவே இல்லை. "எனக்காகப் பேசினேன்னு மட்டும் சொல்லாத. நான் கேக்கல."

அன்றும் மறுநாளும் அவன் வால்ட்டோடு மட்டும்தான் பேசினான். வால்ட் தன் பங்குக்கு எதுவும் சொல்லவில்லை. மேசையில் ஜோயலின் நாற்காலியைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தான். அவன் திட்டியிருந்தால் லொரெய்னும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஓஹையோக்காரர் வந்து பார்த்தார். கிரெய்க் நன்றாக ஆடினான். சிரிக்காமல் ஆடினான். தின்பண்டக் கடையில் லொரெய்னோடு வேறொரு பெண் நின்றாள். எதை எங்கே வைப்பது என்று அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பெர்னி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். லொரெய்ன் உள்ளே வரும் வேளையில் அவள் பின்வாசல் வழியாகப் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாத்திரத்தில் பியரோகிக் கொழுக்கட்டைகள் எடுத்துக்கொண்டு லொரெய்ன் அவள் வீட்டுக்குப் போனாள். பெர்னி உள்கதவைத் திறந்தாள், வலைக்கதவைத் திறக்கவில்லை.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்றாள் லொரெய்ன்.

"மொதல் வார்த்த தவறிருச்சு, சரி. அதுக்கப்பறம் நீ என்னப் பாத்துக்கிட்டேதானே சொன்ன."

 ஜோயல் எப்படி இருக்கிறான் என்று லொரெய்ன் கேட்டாள். தூங்குகிறான் என்று சொல்லிவிட்டுப் பெர்னி உள்கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்திரத்தை வாசல் படியில் வைத்துவிட்டு வருவதா, எடுத்துக்கொண்டு வருவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். எடுத்துக்கொண்டு வந்தாள்.

அக்டோபர் கடைசியில், மனது கேட்காமல், பயிற்சி முடியும் நேரத்தில் கோச் டிட்மரின் அறைக்குப் போனாள். எப்படியாவது ஜோயலைத் திரும்பக் கூப்பிடுங்கள், நீங்கள் கூப்பிட்டால் வருவான் என்றாள். என்னால் என் பையனுக்கு இடம் கிடைத்து அந்தப் பிள்ளை வெளியே நிற்க வேண்டாம், வேண்டுமானால் மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னாள். அதைச் சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

கோச் அவளை உட்காரச் சொன்னார். ஜோயல் வீட்டுக்கு இரண்டு முறை போய்விட்டு வந்ததாகச் சொன்னார். பையன் மரியாதையாகப் பேசினானாம், வரமாட்டேன் என்றானாம். பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்களால கிரெய்க்குக்கு இடம் கிடைக்கலம்மா. அந்த முடிவ நான் கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே எடுத்துட்டேன். அவன்தான்னு உதவிக் கோச்சுங்கட்டயும் சொல்லியாச்சு. ஜோயலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு, அடுத்த வருஷம் முழுக்க அவனோடதுன்னு புதன்கிழம சொல்ல இருந்தேன். கூட்டத்துக்கப்பறம் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றதா நெனச்சுப்பான்னு விட்டுட்டேன்."

லொரெய்ன் அப்படியா என்று மட்டும் கேட்டாள். வெளியே வந்து காரில் ஏறினாள். ஒன்றும் பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாமே கிடைத்திருக்கும். அவள் பையனுக்கு இந்த வருடம், பெர்னி பையனுக்கு அடுத்த வருடம். அவள் செய்தது ஒன்றுக்கும் உதவவில்லை, ஒருத்தியின் மானத்தையும் ஒரு பிள்ளையின் நிம்மதியையும் எடுத்ததைத் தவிர. வீட்டுக்குப் போகிற வழியில் பெர்னியின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனாள். அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது.

அணி மாநிலக் கோப்பையில் இரண்டாவது சுற்று வரை போய்த் தோற்றது. நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறையில் ஜோயல் அப்பாவிடம் ஈரிக்குப் போனான், திரும்பி வரவில்லை. அங்கே அவன் எந்த அணியிலும் சேரவில்லை என்று ஸ்டஷ் கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒரு கையை வீணடிக்கிறானே என்று வருத்தப்பட்டவர்களில் டேல் க்ரூபரும் உண்டு. அந்தப் பள்ளி வருடம் முடிந்த கோடையில் பெர்னியும் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போனாள்.

கிரெய்க்கை ஓஹையோ கல்லூரி எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் ஆடிவிட்டு, போதும் என்று விட்டுவிட்டான். படிப்பை முடித்தான், கொலம்பஸில் வேலை தேடிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான், அப்பாவின் லாரியைப் பழுது பார்ப்பான், அம்மாவுக்காக வாசல் பனியை வாரித் தள்ளுவான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் தன் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்பதை அவளிடம் சொல்வதை நிறுத்திவிட்டான். ஏதாவது கேட்டால், "நல்லாத்தான் இருக்கேம்மா" என்பான். அவனிடமிருந்து அதற்குமேல் ஒன்றும் வராது.

பன்னிரண்டு வருடம் கழித்துப் பெர்னியின் அம்மா இறந்துபோனாள். அந்தம்மாள் கடைசிவரை ஆல்டர் ரன்னிலேயே இருந்தவள். பிரதான சாலையில் உள்ள இறுதிச்சடங்கு இல்லத்தில் உடலை வைத்திருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று லொரெய்ன் பகல் முழுக்கத் தடுமாறினாள். வால்ட் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான், அவளும் கிளம்பிவிட்டாள்.

வரிசை நீளமாக இருந்தது. வாசலிலேயே தாடி வைத்த ஓர் ஆள் வந்து வால்ட்டைக் கட்டிக்கொண்டான். ஜோயல் என்று அடையாளம் தெரிய லொரெய்னுக்குச் சற்று நேரமாயிற்று. அகலமாகி, அமைதியாகி, கண்ணில் ஒரு நிதானம் வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறானாம். அவளிடமும் கை நீட்டினான். எப்படியிருக்கீங்க ஆன்ட்டி என்று கேட்டான். அவன் பக்கத்தில் நின்ற பெண் தன்னை ஜோயலின் மனைவி என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். ஹூடாக் என்ற பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்கதான் கிரெய்க்கோட அம்மாவா? கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னு அவர் பேசின பேச்சுக்கு எங்க வீட்டுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இன்னைக்கும் வாரம் தவறாம ரெண்டு பேரும் போன்ல மணிக்கணக்கா பேசுவாங்க."

நீங்கள் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. கல்யாணம் மூன்று வருடத்துக்கு முன், ஜூன் மாதத்தில் என்றாள். அந்த ஜூனில் கிரெய்க் வேலை விஷயமாக ஒரு வாரம் எங்கேயோ போவதாகச் சொன்னது லொரெய்னுக்கு நினைவு வந்தது. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் குக்கீகளுக்கென்று தனி மேசை போடுவார்கள், வேண்டியவர்கள் எல்லாரும் வாரக்கணக்கில் சுட்டு அடுக்குவார்கள். அந்த இரண்டு பிள்ளைகளில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் அந்த மேசையில் பாதி தன்னுடையதாக இருக்கும் என்று அவளும் பெர்னியும் அடுப்படியில் நின்று எத்தனையோ முறை பேசியிருக்கிறார்கள். அந்த மேசைக்கு யார் யாரோ சுட்டிருக்கிறார்கள். அவளுக்குச் செய்திகூடத் தெரியவில்லை.

வால்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பெட்டிக்கு அருகில் பெர்னி கறுப்பு உடையில் நின்றாள். முடி முழுக்க நரைத்திருந்தது. லொரெய்னைப் பார்த்ததும் முகம் இறுகவில்லை, ஒதுங்கவும் இல்லை. முன்னால் போன அத்தனை பேரிடமும் நீட்டியதுபோலவே கையை நீட்டி, வந்ததற்கு நன்றி, அம்மா கஷ்டப்படாமல் போய்விட்டாள் என்றாள்.

லொரெய்ன் அந்தக் கையை விடவில்லை.

"பெர்னி, நான் அன்னைக்கு செஞ்சது…"

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சுட்டேன் லொரெய்ன்." குரல் மென்மையாகத்தான் இருந்தது. "அத மனசுல வச்சுக்கிட்டுத் திரியல. ஆனா உன்கிட்ட சொல்றதுக்குத்தான் என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல."

பின்னால் நின்ற வயதான தம்பதி ஓர் அடி முன்னால் வந்தார்கள். பெர்னியின் பார்வை அவர்கள் பக்கம் போய்விட்டது. லொரெய்ன் கையை விட்டு, அவர்களுக்கு இடம் கொடுத்து நகர்ந்தாள்.